வில்மா ருடால்ஃபின் வாழ்க்கையும் ஆங்கில மோடல் வெர்ப்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட். ஆங்கிலத்தை ஓரளவு நன்றாக வாசிக்கிறவர்கள்கூட வாய் திறந்து பேசும்போது தடுமாறும் இடங்கள் இவை. அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை வில்மா ருடால்ஃபின் வாழ்க்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு இவற்றை எப்படிக் கற்கலாம் என்பதை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பழகிவிடும்.

மோடல் வெர்ப் என்றால் என்ன?

ஒரு செயல் நடந்தது, நடக்கிறது என்று சொல்வதோடு நில்லாமல், அது முடியுமா, கூடுமா, வேண்டுமா, கூடாதா என்று சொல்ல உதவும் துணை வினைகள்தான் மோடல் வெர்ப்கள். இவற்றுக்கு எஸ் சேராது; 'ஷி கேன்ஸ்' என்று கிடையாது. பின்னால் டு வராது. 'மஸ்ட் டு கோ' தவறு, 'மஸ்ட் கோ' சரி. 'வேண்டும்' என்ற பொருளில் வரும் 'ஆட் டு' மட்டும் விலக்கு. அடுத்து வரும் வினை எப்போதும் அடிப்படை வடிவில் இருக்கும்: 'குட் வென்ட்' அல்ல, 'குட் கோ'. இலக்கணம் இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதில் இருக்கிறது.

பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாதா? எதற்கு ஒருவருடைய வாழ்க்கைக் கதை?

'கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும்' என்ற பட்டியல் தேர்வுக்கு உதவும். பேச்சுக்கு உதவாது. காரணம், தமிழில் 'லாம்' என்ற ஒரே விகுதி அனுமதி, யோசனை, சந்தேகம் மூன்றையும் தாங்குகிறது. 'நீ போகலாம்', 'நாம் போகலாம்', 'அவன் போயிருக்கலாம்' மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட முடியாது. 'வேண்டும்' என்பதும் அப்படித்தான்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பாடப்புத்தகத்தில் வரும் 'ராமு மைட் கம்' என்ற வாக்கியத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ராமு வந்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வாழ்க்கைக் கதையில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஒருவர் பயந்தது பலித்ததா, 'நடக்கவே மாட்டாள்' என்று சொன்னவர் சொல் நின்றதா, எது நடந்திருக்கக்கூடும் ஆனால் நடக்கவில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரியும். மோடல் வெர்ப்பின் பொருள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதனால் வாசிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இதைச் சொல்வது யார்? அது நடந்ததா?

யார் இந்த வில்மா ருடால்ஃப்? ஏன் அவருடைய கதை?

1940-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். அப்பாவின் 22 பிள்ளைகளில் 20-வது பிள்ளை. நிமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல், போலியோ என்று சின்ன வயதிலேயே நோய்கள் வரிசையாகத் தாக்கின. இடது கால் வலுவிழந்து, காலிப்பர் (காலைத் தாங்கும் கட்டு, ஆங்கிலத்தில் பிரேஸ்) மாட்டிக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

குடும்பம் இருந்த கிளார்க்ஸ்வில் ஊரில் அந்நாளில் கறுப்பினத்தவருக்குச் சரியான மருத்துவ வசதி கிடையாது. அதனால் அம்மா பிளான்ச் மகளை அழைத்துக்கொண்டு சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்த நாஷ்வில் நகருக்கு பஸ்ஸில் போய்வந்தார். அங்கே மெஹாரி மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை. நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலம் அது. பஸ்ஸில் கறுப்பினத்தவருக்குப் பின்பக்க இருக்கைதான். வீட்டிலோ அம்மாவும் அண்ணன் அக்காமாரும் முறை வைத்து தினம் பலமுறை அந்தக் காலைத் தேய்த்துவிட்டார்கள். 12 வயதுக்குள் வில்மா காலிப்பரும் தனிக் காலணியும் இல்லாமல் நடந்தார். பள்ளியில் கூடைப்பந்து ஆடினார், ஓடினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 16 வயதில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் தொடர் ஓட்டம் என மூன்று தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

முடியாது, மாட்டாள், முடியும், வேண்டும், கூடாது என்ற சொற்களாலேயே ஆன வாழ்க்கை இது. மோடல் வெர்ப் கற்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

கதையை எளிய ஆங்கிலத்தில் சொன்னால் மோடல் வெர்ப்கள் எப்படி வரும்?

இதோ ஒரு சின்னப் பகுதி:

"வில்மா குட் நாட் வாக் வெல். ஷி ஹேட் டு வேர் எ பிரேஸ். ஹர் மதர் வுட் டேக் ஹர் டு நாஷ்வில் பை பஸ். தி டாக்டர் செட் ஷி வுட் நெவர் வாக் அகெய்ன். ஹர் மதர் செட் ஷி வுட். பை தி ஏஜ் ஆஃப் ட்வெல்வ், ஷி வாஸ் ஏபிள் டு வாக் வித்தவுட் தி பிரேஸ்."

நன்றாக நடக்க முடியவில்லை. காலிப்பர் போட வேண்டியிருந்தது. அம்மா பஸ்ஸில் நாஷ்வில் கூட்டிப்போவார். இனி நடக்கவே மாட்டாள் என்றார் டாக்டர். நடப்பாள் என்றார் அம்மா. 12 வயதுக்குள் காலிப்பர் இல்லாமல் நடக்க முடிந்தது. ஆறு வாக்கியம்தான். ஆனால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடைசி வாக்கியத்தில் ஏன் 'குட் வாக்' என்று போடவில்லை?

நல்ல கேள்வி. நம்மில் பெரும்பாலானோர் விழும் இடம் இது.

'குட்' என்பது கடந்த காலத்தில் ஒருவருக்குப் பொதுவாக இருந்த திறமையைச் சொல்லும். 'அட் சிக்ஸ்டீன், வில்மா குட் ரன் வெரி ஃபாஸ்ட்': 16 வயதில் அவரால் மிக வேகமாக ஓட முடியும். எப்போது ஓடவிட்டாலும் ஓடுவார் என்று பொருள். ஆனால் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முயன்று சாதித்த ஒன்றைச் சொல்ல 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். 'இன் 1960, ஷி வாஸ் ஏபிள் டு வின் த்ரீ கோல்ட் மெடல்ஸ்' என்றால் வென்றுவிட்டார் என்பது உறுதி. அங்கே 'குட் வின்' என்றால், வெல்லும் வாய்ப்பு இருந்தது என்ற அளவில்தான் கேட்பவர் மனதில் நிற்கும்.

'முடிந்தது' என்ற இடத்தில் 'வாஸ் ஏபிள் டு', 'முடியும்' என்ற இடத்தில் 'குட்' என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். 'அப்போது அவளால் ஓட முடியும்', 'அன்று அவளால் ஜெயிக்க முடிந்தது'. தமிழ் நமக்கு ஏற்கனவே அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

நேர்முகத் தேர்வில் 'ஐ குட் பாஸ் தி எக்ஸாம்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர், இன்னும் தேர்வு எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. 'ஐ பாஸ்ட் தி எக்ஸாம்' என்று நேராகச் சொல்லிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

எதிர்மறையில் இந்தச் சிக்கல் இல்லை. 'குட் நாட்' இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

'கேன் ஏபிள் டு' சரியா?

சரியல்ல. கேன் என்றாலே ஏபிள் டு. ஒன்றை மட்டும் போடுங்கள்: 'ஐ கேன் கம்' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு கம்'.

மஸ்ட், ஹேவ் டு, ஷுட் எல்லாமே 'வேண்டும்' தானே?

தமிழில் ஒரே 'வேண்டும்'. ஆனால் அந்த வேண்டும் எங்கிருந்து வருகிறது என்று ஆங்கிலம் பார்க்கும். வில்மாவின் வாழ்க்கையில் மூன்றுக்கும் இடம் உண்டு.

காலிப்பர் போட வேண்டியிருந்தது. அவர் ஆசைப்பட்டுப் போட்டதல்ல. நோயும் மருத்துவமும் போடவைத்தது. வெளியிலிருந்து வந்த கட்டாயம், அதனால் 'ஹேட் டு'. பஸ்ஸில் பின்னால் உட்கார வேண்டியிருந்ததும் 'ஹேட் டு' தான்.

ரோமிலிருந்து திரும்பியதும் கிளார்க்ஸ்வில் ஊர் அவருக்கு வரவேற்பு ஏற்பாடு செய்தது. வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பினத்தவர் ஒரு பக்கம் என்று பிரித்து நடத்தும் விழா என்றால் வேண்டாம் என்று வில்மா பிடிவாதமாக நின்றார். ஊர்வலமும் விருந்தும் அவர் சொன்னபடியே நடந்தன. அந்த ஊரின் வரலாற்றில் இரு இனத்தவரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி அது. அவருடைய நிலைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதினால் 'எவ்ரிஒன் மஸ்ட் பி வெல்கம்' என்று எழுதுவேன். பேசுகிறவரின் உள்ளிருந்து வரும் உறுதி. 20 வயதுப் பெண் தான் பிறந்து வளர்ந்த மாநிலத்தில் அந்த நாளில் அப்படி நின்றார் என்பதை நினைத்துக்கொண்டால் மஸ்ட் என்ற சொல்லின் கனம் புரியும்.

ஷுட் இவ்வளவு கடுமையானது அல்ல. 'யூ ஷுட் மசாஜ் ஹர் லெக் எவ்ரி டே' என்று மருத்துவர் சொன்னால் அது அறிவுரை. கேட்பதும் விடுவதும் வீட்டார் கையில். அலுவலக மின்னஞ்சலில் மேலதிகாரிக்கு 'யூ மஸ்ட் ரிப்ளை டுடே' என்று எழுதினால் அது உத்தரவாகிவிடும். 'குட் யூ ப்ளீஸ் ரிப்ளை டுடே' என்று எழுதுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: கட்டாயம் என்ற பொருளில் நடந்து முடிந்ததைச் சொல்ல மஸ்ட் உதவாது. நேற்று போக வேண்டியிருந்தது என்றால் 'ஐ ஹேட் டு கோ யெஸ்டர்டே' மட்டும்தான்.

'மஸ்ட் நாட்', 'டோன்ட் ஹேவ் டு' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது கூடாது. இரண்டாவது தேவையில்லை. காலிப்பரைக் கழற்றிய பிறகு வில்மா 'டிட் நாட் ஹேவ் டு வேர் இட்': போடத் தேவை இல்லை.

'வுட்' தான் எனக்குப் புரியவே இல்லை. ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது?

நிறைய வேலை செய்கிறது, ஆனால் கதைக்குள் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

முதலில் பழக்கம். 'ஹர் மதர் வுட் டேக் ஹர் டு நாஷ்வில்': அம்மா அவளை நாஷ்வில்லுக்குக் கூட்டிப்போவார். இந்தத் தமிழ் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். நடந்தது கடந்த காலம், ஆனால் 'கூட்டிப்போவார்' என்று எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். 'அந்தக் காலத்தில் சாயங்காலம் எல்லாரும் திண்ணையில் உட்காருவோம்' என்று நாம் சொல்வதும் இதே அமைப்புதான். ஆங்கிலத்தில் வுட் செய்வதும் இதுவே. பலர் இதைப் புதிதாகக் கற்க வேண்டிய விஷயம் என்று பயப்படுகிறார்கள். நம் வாயில் தினமும் இருப்பதுதான். ஆனால் பழக்கச் செயலுக்குத்தான் இந்த வுட். 'அவள் நோஞ்சானாக இருந்தாள்' என்று நிலையைச் சொல்ல 'ஷி யூஸ்ட் டு பி வீக்' என்று போக வேண்டும்.

அடுத்தது, ஒருவர் அன்று சொன்னதை இன்று எடுத்துச் சொல்வது. இனி நடக்கவே மாட்டாய் என்று டாக்டர் சொன்னார், நடப்பாய் என்று அம்மா சொன்னார், நான் அம்மாவை நம்பினேன் என்று வில்மா பின்னாளில் சொன்னது மிகவும் பிரபலம். டாக்டர் அன்று சொன்னது வில். இன்று திருப்பிச் சொல்லும்போது அது வுட் ஆகிறது. அம்மாவின் பதில் 'ஷி வுட்' என்று அங்கேயே நின்றுவிடுகிறது. வாக் என்ற வினையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாயின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வுட்டில் நிற்கிறது. நான் இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் சற்று நின்றுதான் நகர்கிறேன்.

மூன்றாவது மறுப்பு. 'ஷி வுட் நாட் அக்ஸெப்ட் எ செக்ரிகேட்டட் பரேட்': பிரித்து நடத்தும் ஊர்வலத்துக்கு அவர் ஒப்பவே இல்லை. 'டிட் நாட் அக்ஸெப்ட்' என்றால் ஏற்கவில்லை என்ற செய்தி மட்டும். வுட் நாட் என்றால் அழுத்திக் கேட்டும் மசியவில்லை என்பது சேர்ந்து வரும். நம் 'மாட்டேன் என்றுவிட்டார்' அப்படியே பொருந்துகிறது.

ஒரு வேண்டுகோள். 'ஐ வுட் கம் டுமாரோ' என்று நம் அலுவலகங்களில் நிறையக் கேட்கிறேன். மரியாதைக்காக வுட் போடுகிறார்கள். ஆனால் கேட்பவருக்கு 'வருவேன், ஆனால்...' என்று ஏதோ நிபந்தனை பாக்கி இருப்பதுபோல் ஒலிக்கும். நாளை வருவது உறுதி என்றால் 'ஐ வில் கம்'.

'குட் ஹேவ்', 'வுட் ஹேவ்' எப்போது?

நடக்காமல் போனதைச் சொல்ல. ரோமில் 100 மீட்டர் இறுதிப் போட்டியை வில்மா 11.0 வினாடியில் ஓடினார். அப்போதைய உலக சாதனை 11.3. ஆனால் பின்னாலிருந்து வீசிய காற்று, விதி அனுமதிக்கும் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டது. தங்கம் கிடைத்தது, உலக சாதனையாக அதை ஏற்கவில்லை. 'வித்தவுட் தட் விண்ட், இட் குட் ஹேவ் பீன் எ வேர்ல்ட் ரெக்கார்ட்.' காற்று இல்லாமல் அவர் எவ்வளவு நேரத்தில் ஓடியிருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதனால் 'குட் ஹேவ்'. சாதனையாகியிருக்கக்கூடும். 'இஃப் தி விண்ட் ஹேட் பீன் வித்தின் தி லிமிட், 11.0 வுட் ஹேவ் பீன் எ வேர்ல்ட் ரெக்கார்ட்': காற்று வரம்புக்குள் இருந்து இதே நேரம் பதிவாகியிருந்தால் சாதனைதான், அதில் சந்தேகமில்லை, அதனால் 'வுட் ஹேவ்'. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 11.2 வினாடியில் ஓடி, முறைப்படியே உலக சாதனை படைத்தார்.

தொடர் ஓட்டத்தில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. நால்வரில் கடைசியாக ஓட வேண்டியவர் வில்மா. அவருக்கு முன் ஓடிய லூசிண்டா வில்லியம்ஸ் பேட்டனை (கைமாற்றும் கோலை) கொடுக்கும்போது கைமாற்றம் சரியாக அமையவில்லை, நழுவிவிடும்போல் ஆயிற்று. வில்மா சமாளித்துப் பிடித்து, முந்திக்கொண்டிருந்த ஜெர்மனியைத் தாண்டிப் போனார். 'தே குட் ஹேவ் லாஸ்ட் தி ரேஸ்.' தோற்றிருக்கக்கூடும், தோற்கவில்லை. நடந்ததா என்ற கேள்விக்கு இங்கே விடை தெரிவதால்தான் 'குட் ஹேவ்' என்பது சட்டென்று மனதில் உட்காருகிறது.

'மே', 'மைட்', 'மஸ்ட்': ஊகம் சொல்லும்போது எதைப் போடுவது?

எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்தது. அந்த பஸ் பயணங்களில் வில்மாவுக்குக் கால் வலித்ததா? 'இட் மஸ்ட் ஹேவ் ஹர்ட்' என்றால் வலித்திருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. 'இட் மே ஹேவ் ஹர்ட்' என்றால் வலித்திருக்கலாம். மைட் போட்டால் இன்னும் கொஞ்சம் சந்தேகம் கூடும். பேச்சில் மேயும் மைட்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'வலித்திருக்கும்', 'வலித்திருக்கலாம்' என்று தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் தவறு வராது.

குட், வுட், ஷுட் எழுத்தில் எல் இருக்கிறதே, உச்சரிக்க வேண்டுமா?

வேண்டாம். மூன்றிலும் எல் ஊமை.

சரி, உட்கார்ந்து எப்படிப் படிப்பது?

முதல் தடவை இலக்கணத்தை மறந்துவிட்டுக் கதைக்காக மட்டும் படியுங்கள். வில்மா ஜெயிக்கிறாரா என்ற ஆர்வம் உங்களை இழுத்துக்கொண்டு போகட்டும். இரண்டாவது தடவை பென்சிலோடு உட்காருங்கள். மோடல் வெர்ப் வரும் இடத்தில் வட்டம் போட்டு, ஓரத்தில் சொல்வது யார், நடந்ததா இல்லையா என்று தமிழிலேயே இரண்டு சொல் எழுதுங்கள். 'டாக்டர், நடக்கவில்லை', 'அம்மா, நடந்தது' என்று எழுதினால் போதும்.

அப்புறம் ஒரு பயிற்சி. வட்டம் போட்ட சொல்லை மாற்றிப் பாருங்கள். 'ஹர் மதர் செட் ஷி வுட்' என்பதை 'ஹர் மதர் செட் ஷி மைட்' என்று மாற்றினால் என்ன ஆகிறது? அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது, கதையே வேறாகிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு, பக்கம் பக்கமாகக் கோடிட்ட இடத்தை நிரப்புவதில் கிடைக்காது என்பது என் கருத்து.

கனமான சுயசரிதையை முதலில் எடுக்காதீர்கள். சிறுவர்களுக்கென்று எளிய ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் நூலகங்களில் கிடைக்கும். பெரியவர்கள் அவற்றைப் படிப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

வேறு யாருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம்?

தடை, முடிவெடுத்தல், பலன் மூன்றும் இருக்கும் எந்த வாழ்க்கையும் சரி. பார்வையும் கேட்கும் திறனும் இழந்தும் 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்ற ஹெலன் கெல்லர் இன்னொரு நல்ல தேர்வு. நம் அப்துல் கலாமைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது. ராமேஸ்வரம் தெரிந்த ஊர் என்பதால் பாதிச் சொற்கள் தாமாகவே புரியும்.

என் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றி நானே எழுதினால்?

தாராளமாக எழுதுங்கள், ஆனால் மேலே உள்ள ஆறு வாக்கியங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு. பாட்டியால் முடியாமல் போனது ஒன்று, செய்ய வேண்டியிருந்தது ஒன்று, வழக்கமாகச் செய்வது ஒன்று, ஊர் சொன்னது ஒன்று, அதற்கு அவர் சொன்னது, கடைசியில் முடிந்தது. 'மை கிராண்ட்மதர் குட் நாட் கோ டு ஸ்கூல். ஷி ஹேட் டு வொர்க் இன் தி ஃபீல்ட்ஸ். அட் நைட் ஷி வுட் லிசன் டு ஹர் பிரதர் ரீடிங்.' இப்படித் தொடங்கினால் மீதி மூன்றும் வந்துவிடும். எழுதி முடித்ததும் மோடலுக்குப் பின்னால் தெரியாமல் டு நுழைந்திருக்கிறதா, வினை அடிப்படை வடிவில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். பிறகு பாட்டியிடம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டி, தமிழில் பொருள் சொல்லுங்கள். 'அப்படி இல்லை, எங்கப்பா போகக்கூடாதுன்னு சொல்லலை, போக முடியலை' என்று அவர் திருத்தினால், எந்த மோடலை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.